புரிந்த பிறகும் நிற்கிற கேமரா

மார்ச் 2, சனி

போர்க்காலக் கொடுமையை வைத்துக் காசு பார்த்த படங்கள் என்று ஒரு தனி வகையே உண்டு. எழுபதுகளில் நாஜி முகாமைக் களமாக்கி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள். இந்த மாதம் அவற்றையும் அவற்றைச் சுற்றி நடந்த சண்டைகளையும் பார்ப்பதாக உத்தேசம்.

இன்று 'இல்சா, ஷி வுல்ஃப் ஆஃப் தி எஸ்எஸ்' (1975). நாஜி முகாம் ஒன்றை நடத்தும் இல்சா என்ற பெண் அதிகாரியின் கதை. படம் தொடங்குமுன் ஓர் அறிவிப்பு வருகிறது. இதெல்லாம் ஆவணங்களில் பதிவான உண்மை, இப்படிப்பட்ட குற்றங்கள் இனி நடக்கக் கூடாது என்ற நம்பிக்கையோடு படத்தைச் சமர்ப்பிக்கிறோம் என்ற தோரணை. கீழே தயாரிப்பாளர் ஹெர்மன் ட்ரேகர் என்று கையொப்பம். அப்படி ஓர் ஆளே கிடையாது. தயாரித்தவர் டேவிட் ஃப்ரீட்மன், மலிவான கிளுகிளுப்புப் படங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். உண்மைக்குச் சாட்சி சொல்ல வந்த அறிவிப்பில் கையெழுத்தே பொய்.

அறிவிப்பு முடிந்ததும் படம் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. உடை களைதல், சவுக்கு, 'பரிசோதனை', மறுபடி உடை களைதல். கைதிப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட மனசில் நிற்கவில்லை, காயங்களை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன்.

என்னை உலுக்கியது படத்தைவிடப் படம் பிடித்த இடம். கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில், 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்காகப் போட்ட போர்க்கைதி முகாம் செட் அது. தொடர் 1971-ல் முடிந்துவிட்டது. அதில் பிரெஞ்சுக் கைதியாக நடித்துச் சிரிக்க வைத்த ராபர்ட் கிளாரி, நிஜத்தில் நாஜிகளின் புகன்வால்ட் முகாமிலிருந்து பிழைத்து வந்தவர். இல்சா பாத்திரத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் இல்செ கோக், அதே புகன்வால்ட் முகாமின் தளபதிக்கு மனைவி. பிழைத்தவர் வாராவாரம் நகைச்சுவை செய்த அதே மரக்கொட்டகைகளில், சில வருஷம் கழித்து அவருடைய முகாமின் கொடுமையைக் கவர்ச்சியாக்கிப் படம் எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

படங்களில் எப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்கிற தம்பி ஒருவனுக்கு நேற்று எழுதியதை அனுப்பினேன். "அண்ணே, குப்பைன்னு தெரிஞ்சே எடுத்த குப்பை. அதை ஏன் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறீங்க?" என்று பதில். சரி, அப்போது அந்த அறிவிப்பு எதற்கு? குப்பை என்று தெரிந்தவனுக்கு வரலாற்றின் கைத்தடி ஏன் வேண்டும்?

மார்ச் 9, சனி

'மென் பிஹைண்ட் தி சன்' (1988). ஹாங்காங் படம், இயக்கம் மோ துன்-ஃபெய். வடகிழக்குச் சீனாவில் ஹார்பின் அருகே பிங்ஃபாங்கில் ஜப்பானிய ராணுவம் நடத்திய 731-ஆம் பிரிவைப் பற்றியது. உயிரோடு இருந்த சீன, ரஷ்யக் கைதிகள்மேல் நோய்க்கிருமிப் பரிசோதனை செய்த இடம். கைதிகளை 'மருதா', அதாவது மரக்கட்டை, என்றே குறிப்பிட்டார்கள். தலைமை வகித்த இஷீ ஷிரோ எந்த நீதிமன்றத்திலும் ஏறவில்லை. பரிசோதனைத் தகவல்களுக்கு ஈடாக அமெரிக்கா அவரையும் அவர் கூட்டத்தையும் காப்பாற்றியது. சோவியத் தரப்பு 1949 டிசம்பரில் கபரோவ்ஸ்க்கில் 12 பேரை விசாரித்ததுதான் மிச்சம். இந்தப் பின்னணி தெரிந்தவருக்கு, இப்படி ஒரு படம் வந்தே ஆகவேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

உறைபனிப் பரிசோதனைக் காட்சி. கடுங்குளிரில் ஒரு பெண்ணை வெளியே நிறுத்தி, நீட்டிய கைகளில் தண்ணீர் ஊற்றி உறைய விடுகிறார்கள். உள்ளே கொண்டுவந்து வெந்நீரில் முக்குகிறார்கள். அப்புறம் நடப்பதை நான் எழுதப் போவதில்லை. அந்தக் கைகளை நீரில் முக்கும்போதே என்ன நடக்கப் போகிறது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. படத்துக்கு அது போதவில்லை. அருகில் போகிறது, தோலைக் காட்டுகிறது, அவள் கத்துவதைக் காட்டுகிறது, திரும்பவும் கைகளுக்கு வருகிறது. உறைபனிப் பரிசோதனைகளை நடத்திய யோஷிமுரா ஹிசாதோ போருக்குப் பின் கியோட்டோவில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். அந்தப் பெண்ணின் கைகளைவிட எனக்கு ஆத்திரம் தருவது அந்தத் தகவல். படத்தில் அது இல்லை.

இன்னொன்று. பிரேதப் பரிசோதனைக் காட்சியில் இருப்பது ஒரு சிறுவனின் நிஜ உடல். பெற்றோர் சம்மதத்தோடுதான் எடுத்ததாக இயக்குநரே சொல்லியிருக்கிறார். சம்மதம் இருக்கட்டும். ஒரு கதைப் படத்தில் பொம்மை செய்யக்கூடிய வேலைக்கு ஒரு குழந்தையின் உடலைக் கொண்டுவந்தவர், உடலை வெறும் பொருளாக நடத்திய இடத்தைப் பற்றித்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பாதி படம் ஜப்பானியச் சிறுவர் படையின் கண்வழியே நகர்கிறது. ஊமைச் சீனப் பையன் ஒருவனோடு அவர்கள் விளையாடும் பகுதி மட்டும் நன்றாக இருந்தது. அவனுக்கு ஒரு முகம் இருந்தது, அதனால்தான்.

பார்வையாளர்கள் இங்கே இரண்டாகப் பிரிகிறார்கள். சீன வரலாற்று அலமாரியிலிருந்து எடுத்தவர் இதை ஆவணம் என்கிறார். ரத்தப்படங்களின் அலமாரியிலிருந்து எடுத்தவர் 'எவ்வளவு தாங்கினேன்' என்று பெருமை பேசுகிறார். இரண்டாமவரைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர் கேட்ட சரக்கு படத்தில் நிஜமாகவே இருக்கிறது.

மார்ச் 13, புதன்

'கபோ' (1960). நாஜி முகாமைப் பற்றி ஜில்லோ பொன்டெகோர்வோ எடுத்த மரியாதையான படம், ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. எமானுவேல் ரிவா நடித்த பெண் மின்வேலியில் பாய்ந்து சாகிறாள். கேமரா மெல்ல முன்னே நகர்ந்து, வேலியில் தொங்கும் அவள் கையை அழகாகச் சட்டத்தில் பொருத்துகிறது. சில நொடிகள்தான். 1961-ல் பிரெஞ்சு விமர்சகர் ஜாக் ரிவெத் இந்த ஒரு நகர்வுக்காக இயக்குநர் ஆழ்ந்த இகழ்ச்சிக்கு மட்டுமே உரியவர் என்று எழுதினார். அடுத்த தலைமுறை விமர்சகர் செர்ஜ் தனே, அந்தப் படத்தைத் தான் பார்த்ததே இல்லை, அந்தக் கட்டுரை மட்டுமே தனக்குப் போதுமானதாக இருந்தது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

நான் பார்த்துவிட்டேன். ரிவெத் கண்டுபிடித்த இடம் சரி, தண்டனை அதிகம். அவள் இறந்துவிட்டாள் என்பது புரிந்த பிறகு கேமரா எடுக்கும் அந்தக் கூடுதல் அடி தேவையில்லாததுதான். ஆனால் இல்சா எடுத்தவர்களுக்கு வைத்திருக்க வேண்டிய வார்த்தையை இங்கேயே செலவழித்துவிட்டால் அவர்களுக்கு என்ன மிச்சம்?

மார்ச் 17, ஞாயிறு

'தி நைட் போர்ட்டர்' (1974). நாஜி முகாம் அதிகாரி ஒருவனுக்கும் அங்கே கைதியாக இருந்த பெண்ணுக்கும் நடுவிலான உறவின் கதை. தொப்பியும் சஸ்பெண்டருமாக ஷார்லட் ராம்ப்ளிங் பாடும் காட்சி எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டு முடிந்ததும் பெட்டியில் என்ன வருகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவளைத் தொந்தரவு செய்த கைதியின் தலை. படம் நினைத்தது அந்தத் தலையை. உலகம் எடுத்துக்கொண்டது தொப்பியை, போஸ்டரிலும்கூட. இதில் பாதிப் பழி இயக்குநர் லிலியானா கவானிக்கு, பாதி நமக்கு.

மார்ச் 20, புதன்

பிரிட்டனில் எண்பதுகளில், வீட்டுக்கு வரும் வீடியோ கேசட்டுகள் சமூகத்தைக் கெடுத்துவிடும் என்று ஒரு பயம். 'எஸ்எஸ் எக்ஸ்பெரிமெண்ட் கேம்ப்' (1976) படத்தின் கேசட் அட்டையில் தலைகீழாகக் கட்டிய பெண். ஊர் கொதித்தது. வழக்குப் போடத்தக்க படங்கள் என்று அரசு வழக்குத் துறை வைத்திருந்த பட்டியலில் படம் ஏறியது, வீடியோக்களைக் கட்டுப்படுத்த 1984-ல் சட்டமே வந்தது. அதே படத்துக்கு 2005-ல் தணிக்கை வாரியம் ஒரு வெட்டுகூட இல்லாமல் சான்றிதழ் தந்தது. ரசனைக்கேடு, ஆனால் யாருக்கும் தீங்கு செய்யாது என்ற கணக்கு. 'லவ் கேம்ப் 7' (1969) படத்துக்கோ 2002-ல் மறுப்பு. பாலியல் வன்முறையை இன்பமாகக் காட்டுகிறது என்பது அவர்கள் காரணம். கொடூரத்தின் அளவை விட்டுவிட்டு அதை யாருக்காகக் காட்டுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தணிக்கைக்காரர்களைப் பாராட்டி எழுதுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

தம்பி விடவில்லை. "புரிஞ்ச பிறகும் கேமரா நிக்கக் கூடாதுங்கிறீங்க. அப்ப 'ஷோவா'?" என்று கேட்டான்.

கேட்கவேண்டிய கேள்விதான். யூத இனப்படுகொலையைப் பற்றி க்ளோட் லான்ஸ்மன் எடுத்து 1985-ல் வந்த, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆவணப்படம். கொடுமையின் ஒரு பழைய படத்துண்டுகூட இல்லை. ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில் பெண்களின் முடியை வெட்ட வைக்கப்பட்ட ஆபிரகாம் போம்பாவை, லான்ஸ்மன் ஒரு முடிதிருத்தும் கடையில் நிற்க வைத்து, ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே பேசச் சொல்கிறார். உடன் வேலை செய்த நண்பர் ஒருவரின் மனைவியும் சகோதரியும் உள்ளே வந்த கதைக்கு வரும்போது போம்பாவுக்குக் குரல் நின்றுவிடுகிறது. வேண்டாம் என்கிறார். சொல்லத்தான் வேண்டும் என்று லான்ஸ்மன் வற்புறுத்துகிறார். கேமரா வெட்டவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கத்தரியோடு நிற்பதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

இங்கே பேசுவது அந்த மனிதர், அவருக்குப் பெயர் இருக்கிறது, கேமரா இருப்பது தெரிந்தே வந்தார், கடைசியில் தானே தொடர்ந்தார். இல்சாவின் பெண்களுக்கு இதில் எதுவும் கிடையாது. இந்த வித்தியாசத்தைத் தம்பிக்கு நீளமாக எழுதினேன். ஆனாலும் அவர் வேண்டாம் என்று சொன்ன நொடிக்கும் மறுபடி பேசத் தொடங்கிய நொடிக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைக் குறையென்றே என் கணக்கில் எழுதியிருக்கிறேன். படம் எவ்வளவு பெரியது என்பதற்காக அதை அழிப்பதாக இல்லை. தம்பி இன்னும் பதில் போடவில்லை.