ஆகஸ்ட் எஸ்டிமேட், அக்டோபர் பில்

"நீங்க போட்டுக் குடுத்த கணக்குதானுங்க தம்பி இது?" என்று கல்யாணத்துக்குத் துணி எடுத்த பெரியவர் கேட்டார். ஆமாங்க என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. எங்கள் துணிக்கடை எஸ்டிமேட்தான், 2025 ஆகஸ்டில் எடுத்தது. உருப்படி 8,000 வீதம் ஐந்து லெஹங்கா, 40,000 ரூபாய். ஜிஎஸ்டி 12 சதவீதம், ஆக மொத்தம் 44,800. பாதிப் பணம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். அக்டோபர் முதல் வாரம் சரக்கெடுக்க வந்தபோது பில் 47,200 ஆகியிருந்தது.

நடுவில் ஜிஎஸ்டி விகிதம் மாறியது தெரிந்ததுதான். செப்டம்பர் 22 முதல் உருப்படி 2,500 ரூபாய்க்கு மேல் போகும் ஆயத்த ஆடைக்கு 18 சதவீதம், அதற்குள் என்றால் 5.

முதலாளி உள்ளே கூப்பிட்டார். "செப்டம்பர் ரிட்டர்ன் இன்னும் போடலையில்ல? பில் தேதிய இருபதுன்னு மாத்திடு தம்பி. கல்யாண வீடு."

பில் போடும் டேலி சாஃப்ட்வேரில் எஃப்2 அழுத்தினால் தேதி மாறிவிடும். விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் போட 11-ம் தேதி வரை நேரமும் இருந்தது. முடியாதுங்க என்றேன். சரக்கு 22-க்குப் பிறகு கைமாறுகிறது. அப்படியானால் பழைய விகிதத்துக்கு பில், பணம் இரண்டுமே அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். மீதிப் பாதி இன்னும் கைக்கே வரவில்லை. பொய்த் தேதி போட்டாலும் முழுத் தொகைக்கு 12 நிற்காது. பில் எண் வரிசையும் இடிக்கும்.

இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. உறுத்துவது அடுத்து நடந்த பேச்சு.

தேதியைத் தொடாமல் விலையை 37,966-க்கு இறக்கினால் வரியோடு அதே 44,800 வரும், நமக்கு 2,034 குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். முதலாளி திரையைப் பார்க்கவே இல்லை. "சட்டம் உனக்கு, நட்டம் எனக்கா?" என்றார். கடைசியில் 46,000-க்கு முடித்தார்கள். விலையைக் குறைத்து பில் போட்டுக் கொடுத்தேன்.

முதலாளி கேட்டதிலும் நியாயம் உண்டு. விகிதத்தை ஏற்றியது அவரில்லை. 1,800 ரூபாய் சட்டைக்கு ஆகஸ்டில் 12 என்று எஸ்டிமேட் வாங்கிப் போனவர்கள் அக்டோபரில் 5 கட்டினார்கள். 'பழைய கணக்குப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று யாரும் வரவில்லை. தேதி இரண்டு பக்கமும்தான் வேலை செய்தது. எஸ்டிமேட்டின் அடியில் 'வரி மாற்றத்துக்கு உட்பட்டது' என்றும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெரியவர் வியாபாரி இல்லை. வாங்கும்போது கட்டிய வரியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு எடுக்க அவருக்கு வழியில்லை, கூடுதலாக வந்தது முழுக்கக் கைக்காசு. சாஃப்ட்வேர் அன்றைய விகிதத்தைப் பெருக்கி ஒரு மொத்தம் காட்டுகிறது, அவ்வளவுதான். நான் அதை அச்செடுத்து, கடை முத்திரை குத்தி, இரண்டு கையாலும் நீட்டும்போது அது தோராயம் என்று யார் நினைப்பார்கள்? அவர் அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார்.

இப்போது எஸ்டிமேட்டில் 'டெலிவரி நாளில் உள்ள வரி' என்று மொத்தத்துக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வருகிறது. முதலாளியும் சரி என்றார். அப்புறமும் எனக்கு நிறையவில்லை. சட்டத்தைச் சொல்லி மறுத்த வேகம், 44,800-ஐயே நிறுத்துங்கள் என்று கேட்டபோது என் குரலில் இருந்ததா? சம்பளம் வாங்குகிறவன் அதற்கு மேல் கேட்கலாமா என்பதற்கும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.