ஆலயமும் வீடும் ஒரே நாட்காட்டியில்

கிறிஸ்தவ ஆலயப் பணிகளில் ஈடுபட்டிருக்கும் குடும்பங்கள் திணறுவது பெரும்பாலும் பண்டிகைக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில்தான். டிசம்பர் 25 எல்லா நாட்காட்டியிலும் இருக்கிறது. கேரல் பாடல் பயிற்சி எந்தெந்த மாலை, தேவதை வேடத்துக்கு இறக்கை செய்வது யார், அதே வாரத்தில் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறதா என்பதெல்லாம் எங்கும் எழுதப்படுவதில்லை. அதனால் நாட்காட்டி போடும்போது பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் வெளியூர்ப் பயணத்துக்கான இடைவெளியும் தானாகக் கண்ணில் படும்.

முதலில் குறிக்க வேண்டியது ஈஸ்டர். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். இந்தப் பௌர்ணமி வானத்தைப் பார்த்துச் சொல்வதல்ல, திருச்சபையின் கணக்குப்படி வருவது. அதனால் ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கும் விழலாம். மற்றவை அதைப் பிடித்துத் தொடரும்: 46 நாள் முன்னால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், ஒரு வாரம் முன்னால் குருத்தோலை ஞாயிறு, 49 நாள் பின்னால் தூய ஆவியின் திருநாளான பெந்தெகொஸ்தே. 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28, பெந்தெகொஸ்தே மே 16. 2028இல் அவை மார்ச் 1, ஏப்ரல் 16, ஜூன் 4. ஒரே வருடத்தில் ஏறக்குறைய மூன்று வாரம் நகர்ந்துவிடுகிறது. போன வருட நாட்காட்டியைப் பார்த்து ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான். உறவினரில் யாராவது ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவராக இருந்தால் அவர்கள் தேதியையும் கேட்டு எழுதுங்கள். 2027இல் அவர்களுக்கு ஈஸ்டர் மே 2. 2028இல் இரண்டும் ஒரே நாளில் வருகின்றன.

நாட்காட்டி சுவரில் இருக்கட்டும். போனில் இருப்பது வசதிதான், ஆனால் அது வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரிகிறது. எட்டு வயதுப் பிள்ளை தானாகப் போய்ப் பார்க்கிற இடத்தில், அதன் கண் உயரத்தில் ஒரு பெரிய தாள் வேண்டும். ஆளுக்கொரு நிறம் போதும், நிகழ்ச்சி வகைக்கு ஒரு நிறம் என்று ஆரம்பித்தால் இரண்டாம் மாதமே கைவிட்டுவிடுவீர்கள். பள்ளித் தேர்வுகள், வேலையில் ஓய்வே கிடைக்காத வாரங்கள், ஆலயப் பட்டியல் மூன்றையும் ஒரே நாளில் உட்கார்ந்து ஏற்றுங்கள். தனித்தனியாக ஏற்றினால் மோதல்கள் தெரியாது. அதன் பிறகு வாரம் ஒருமுறை இருபது நிமிடம் உட்கார்ந்து, யார் யாரைக் கூட்டிப்போவது, என்ன எடுத்துப் போவது, என்ன உடை என்று மூன்று கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

பொறுப்புகளை ஏற்பதில் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளாமல் எந்தக் குடும்பமும் தாக்குப்பிடிப்பதில்லை. ஆளுக்கு ஒரு நிரந்தரப் பொறுப்பு: ஒருவர் பாடகர் குழு, ஒருவர் வாசகம் (ஆராதனையில் வேதாகமம் வாசிப்பது), பிள்ளைக்குப் பீடத்தில் உதவும் பணியோ ஞாயிறு பள்ளியோ. அதற்கு மேல் ஏற்பது எல்லாம் முடிவு தேதியோடு. "கிறிஸ்துமஸ் நாடகம் வரைக்கும் உதவுகிறேன்" என்று சொல்லலாம்; "பார்க்கலாம்" என்று சொல்லக் கூடாது. பொறுப்பாளர் அதைச் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார், அவர் மேல் தப்பில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெற்றோர் இருவரும் ஒரே ஞாயிற்றில் பணியில் இருந்தால் நான்கு வயதுப் பிள்ளை இருக்கையில் தனியாக இருக்கும். பாடகர் குழுவில் இருப்பவருக்கு எல்லா ஞாயிறும் வேலை. எனவே வாசிக்கிறவர்தான் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கும், அல்லது தெரிந்த குடும்பத்துக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டியிருக்கும். பட்டியல் போடுபவருக்கு உங்களால் வர முடியாத தேதிகளை ஆறு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். பட்டியல் ஒட்டிய பிறகு மாற்றச் சொல்வது அவருக்கு நான்கு பேரிடம் போன் பேசுகிற வேலை.

வாசகம் ஏற்றவர் அதை வியாழனுக்குள் ஒருமுறை உரக்கப் படித்துவிடுவது நல்லது. ஞாயிறு வாசகங்களை மூன்றாண்டுச் சுழற்சியில் வாசிக்கும் சபைகளில், நவம்பர் 29, 2026 அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்கும்போது மாற்கு நற்செய்தி ஆண்டும் தொடங்குகிறது. பழைய ஏற்பாட்டுப் பெயர்களில் நாக்கு சிக்குவது மைக் முன்னால் நிற்கும்போதுதான் தெரியவரும், அதற்குள் நேரம் கடந்திருக்கும்.

ஞாயிறு காலையை சனிக்கிழமை இரவே பாதி முடித்துவிடலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். 8 மணிக்கு ஆராதனை, பாடகர் குழு 7.30க்கு இருக்க வேண்டும், பயணம் 15 நிமிடம், செருப்பு மாட்டி வண்டியில் ஏற 10 நிமிடம், தடங்கலுக்கு இன்னொரு 10. அப்படியானால் 6.55க்கு எல்லாரும் தயார். நான்கு பேர், ஒரே குளியலறை, ஆளுக்குக் கால் மணி நேரம், அதோடு சாப்பிடவும் உடுத்தவும் அரை மணி. முதல் ஆள் 5.25க்கு எழ வேண்டும். பிள்ளைகள் இரண்டு பேரையும் முந்தைய இரவே குளிப்பாட்டினால் அதுவே 5.55 ஆகிவிடும். உடைகளைக் காலுறை உட்பட ஆளுக்கொரு தொகுப்பாக மாட்டி வையுங்கள். காலையில் அவசரத்தில் தேட வைப்பது எப்போதும் ஒற்றைச் செருப்பும் காணிக்கை உறையும்தான், இரண்டையும் கதவருகே வைத்துவிடுங்கள். தயாராக அதிக நேரம் எடுப்பவர் முதலில், கைக்குழந்தை கடைசியில். முதலில் உடுத்திய குழந்தைக்குக் கிளம்புவதற்குள் இரண்டாவது உடை தேவைப்படும்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் திருவிருந்து (நற்கருணை) நோன்பு பற்றிக் குழப்பம் நிறைய. திருச்சபைச் சட்டத்தின்படி நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணக் கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை, முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. கணக்கு நற்கருணை நேரத்திலிருந்து, திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல. எனவே வளரும் பிள்ளையை வெறும் வயிற்றில் கூட்டிப்போய் மயங்க விட வேண்டியதில்லை.

சின்னப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்காருவது பலர் வழக்கம். அங்கே பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும், சலிப்பு வராமல் என்ன செய்யும்? முன்பக்கத்தில், நடைபாதை ஓரமாக உட்காருங்கள். பீடத்தில் நடப்பது தெரியும், அழுதால் எழுந்து போகவும் வழி இருக்கும். பையில் துணிப் புத்தகம், தண்ணீர், உதிராத தின்பண்டம். சக்கரம் உள்ள பொம்மை வேண்டாம், பெஞ்சுக்கு அடியில் ஓடிவிடும்.

டிசம்பர் தனிக் கதை. திருவருகைக்கால மலர் வளையம் வைக்கிற வழக்கம் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1839இல் ஏழைப் பிள்ளைகளுக்காக யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற போதகர் வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியதிலிருந்து வளர்ந்தது. அந்த வருடத்துக்கு 20 சின்னது, 4 பெரியது. பிறகுதான் நான்காகச் சுருங்கியது. வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவதால் முதலாவதுதான் அதிக நாள் எரியும்; வீட்டில் செய்பவர்கள் நான்கு மெழுகுவர்த்தியும் ஒரே நீளத்தில் வாங்கிவிட்டு, முதலாவது பாதியிலேயே தீர்ந்துபோகிறதே என்று விழிப்பார்கள். மெல்லிய நீள மெழுகுவர்த்தி மணிக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. உருகும். 2026இல் திருவருகைக்காலம் 26 நாள். தினம் கால் மணி நேரம் ஜெபத்துக்கு ஏற்றினால் முதல் மெழுகுவர்த்தி ஆறரை மணி நேரம் எரியும், அதாவது 16 செ.மீ. எனவே முதலாவது 25 செ.மீ.யாவது இருக்க வேண்டும். அடியில் உலோகக் கிண்ணம் கட்டாயம். பச்சை இலைகள் மூன்றாம் வாரத்துக்குள் காய்ந்து சருகாகிவிடும், தீப்பிடிப்பது அப்போதுதான். மூன்றாம் ஞாயிறன்று இலைகளை மாற்றிவிடுங்கள்.

நாடகத்துக்கு ஆறு ஒத்திகை போதும், வாரம் ஒன்று. அப்படியானால் கதாபாத்திரங்களை அக்டோபர் கடைசியிலேயே பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வசனம் கொடுக்காதீர்கள், நடந்து வந்து நிற்கட்டும். தேவதை இறக்கை அட்டையில் செய்தால் பெரும்பாலும் பின்னால் சாய்ந்து தொங்கும். பட்டைகளை மேல் ஓரத்தில் மட்டும் தைப்பதே காரணம். இரண்டு செ.மீ. அகல எலாஸ்டிக்கை மேலே இரண்டு, கீழே இரண்டு துளையில் கோத்து, முதுகில் பெருக்கல் குறியாகக் குறுக்கே வரும்படி மாட்டினால் நேராக நிற்கும். அகலம், பிள்ளை இரு கையையும் மடக்கி விரிக்கும்போது முழங்கைக்கு முழங்கை உள்ள அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேடைக் கதவில் இடிக்கும், பக்கத்து மேய்ப்பனின் கண்ணிலும் குத்தும். உடைகளை இரண்டு வாரம் முன்பே போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் அந்த இடைவெளியில் வளர்ந்திருப்பார்கள்.

திருக்காட்சித் திருநாளுக்கும் (ஜனவரி 6) சாம்பல் புதனுக்கும் இடைப்பட்ட வாரங்கள் வருடத்தின் முதல் பயண வாய்ப்பு. பொறுப்புகள் குறைவு. ஆனால் 2027இல் இந்த இடைவெளி ஐந்து வாரம்தான், பெரிய பயணத்தை ஈஸ்டருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பயணம் என்றால், வண்டியில் கழியும் நேரம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணி நேரத்தில் போக ஒன்றரை, வர ஒன்றரை. அதைத் தாண்டினால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது வாந்தி மட்டுமே. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பிள்ளைக்கு ஒரு உறையில் ஒரு முழு மாற்றுடை என்று தனித்தனியாகக் கட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் நனைந்த பிள்ளை நிற்க, பை முழுவதும் தரையில் கொட்டப்படும்.

ஞாயிறன்று வெளியூரில் இருந்தால், கத்தோலிக்கர்களுக்கு சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமையை நிறைவேற்றும். மற்ற சபைகளில் போகிற ஊரின் ஆராதனை நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். விடுமுறை வாரங்களில் நேரம் மாறும், இணையத்தில் இருப்பது பழையதாக இருக்கலாம்.

பங்கின் (ஆலய வட்டாரத்தின்) சார்பாகப் பேருந்தில் போகும்போது எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், ஒவ்வொரு முறை ஏறும்போதும் அவரே எண்ண வேண்டும். எல்லாரும் சேர்ந்து எண்ணினால் யாரும் எண்ணாததற்குச் சமம். அடையாள அட்டையில் வெளிப்பக்கம் பெயர் எழுதாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போய்விடும். உட்புறம் பெற்றோரின் தொலைபேசி எண் போதும்.

புனித வாரத்தில் எல்லா வழிபாட்டுக்கும் சின்னப் பிள்ளைகளை இழுத்துப் போக வேண்டும் என்பதில்லை. குருத்தோலை ஞாயிறும் ஈஸ்டர் காலையும் அவர்களுக்கானவை, பெரிய வெள்ளியைப் பெரியவர்கள் மாறிமாறிப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஈஸ்டருக்கு முந்தைய இரவின் பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பிறகே தொடங்கும், முழுமையாக வாசித்தால் ஒன்பது வாசகங்கள். அதற்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் அன்று மதியம் தூங்க வையுங்கள். மெழுகுவர்த்திக்குப் பத்து செ.மீ. அகல அட்டை வட்டம் மாட்டுங்கள். எரிகிற மெழுகுவர்த்தி நேராக இருக்க, ஏற்றாத மெழுகுவர்த்தியைத்தான் அதன் பக்கம் சாய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் சூடான மெழுகு பக்கத்தில் நிற்பவர் கையில் விழும். உடையில் பட்ட மெழுகைத் தேய்க்காதீர்கள். இறுகவிட்டுச் சுரண்டி, மிச்சத்துக்கு மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

பெந்தெகொஸ்தே முடிந்தால் நவம்பர் வரை பெரிய பண்டிகைக் காலம் இல்லாத நீண்ட பொதுக்காலம். நாட்காட்டியில் காலியாகத் தெரியும் இந்த மாதங்களில்தான் புதிய பொறுப்புகள் உள்ளே நுழைகின்றன. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஒரு வாரம் கொடுத்தால் அதற்கு முந்தைய வாரம் கைவினைப் பொருள் வெட்டவும் ஒட்டவும் போய்விடும், இரண்டு வாரமாகவே குறியுங்கள். மாதத்தில் ஒரு சனியாவது யாருக்கும் எதுவும் இல்லாத நாளாகக் கோடிட்டு வையுங்கள். செப்டம்பரில் பங்கு அலுவலகத்தில் அடுத்த ஆண்டுத் தேதிகளைக் கேளுங்கள். உறுதிப்படாதவற்றைப் பென்சிலில் எழுதினால் அழித்து மாற்ற வசதி.