41 ரூபாய்

மில் நிர்வாகத்துக்காக முதன்முதலில் வக்காலத்தோடு எழுந்து நின்ற நாளில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கோவை தொழிலாளர் நீதிமன்றம். எதிரே தொழிற்சங்கத்துப் பெரியவர். கறுப்புக் கோட்டு கிடையாது, கையில் மஞ்சப்பை. "அவங்க வக்கீல் வெக்கறதுக்கு எங்களுக்குச் சம்மதமில்லீங்க ஐயா" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். 2025 வரை நடைமுறையில் இருந்த 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் 36(4) பிரிவு அப்படி: மறுதரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வக்கீல் வாய் திறக்கலாம். மில்லின் பர்சனல் ஆபீசர் தட்டுத்தடுமாறிக் குறுக்கு விசாரணை செய்ய, பின்னாலிருந்து துண்டுச்சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். தொழிலாளர் அலுவலர் நடத்தும் சமரசப் பேச்சிலோ வக்கீலுக்கு இடமே இருக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்கு எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்தே எத்தனையோ 12(3) ஒப்பந்தங்களுக்கு, அதாவது அந்தச் சமரசத்தில் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கு, வாசகம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

'முதலாளி வக்கீல்' என்பார்கள். உண்மையில் நான் அதிகம் சண்டை போட்டது முதலாளிகளோடுதான். இரவு போன் வரும்: "சார், ஒருத்தனை நாளைக்கே வெளிய அனுப்பணும்." குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தீர்களா? "கொடுத்துடலாம்." உள்விசாரணை அதிகாரி யார்? "நம்ம ஜி.எம்." புகார் கொடுத்தது? "அவரேதான்." காலையில் கிளம்பிப்போய் அந்த உத்தரவை எழுதவிடாமல் தடுப்பேன். அதற்கெல்லாம் பீஸ் கேட்க முடியாது.

விசாரணை ஒழுங்காக நடந்தாலும் அதே சட்டத்தின் 11ஏ பிரிவு இருந்தது. 1971-ல் சேர்த்தது, குற்றம் நிரூபணமானாலும் தண்டனை அதிகம் என்று பட்டால் நீதிமன்றம் குறைக்கலாம் என்றது. நிர்வாகிகளுக்கு இது செரிக்கவே செரிக்காது. ஆரம்பத்தில் எனக்கும்தான். மேஸ்திரியை ஒரு வார்த்தை திட்டியதற்காக, 19 வருஷம் கறைபடாமல் வேலை பார்த்தவரை அனுப்பிய கோப்பைப் படித்த பிறகு அந்தப் பிரிவைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

அந்த 41 ரூபாய்க்கு வருகிறேன். நைட் ஷிப்டில் சூப்பர்வைசரை அடித்த கேஸ். சாட்சிகள் உறுதி, விசாரணையில் ஒரு ஓட்டையும் இல்லை. வேறொரு தகராறு நிலுவையில் இருந்ததால் அந்தச் சட்டத்தின் 33(2)(பி) பிரிவுப்படி ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, பணிநீக்கத்துக்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் கேட்க வேண்டியிருந்தது. கேட்டோம். இந்த முறை பெரியவர் என்னை எதிர்க்கவில்லை. வயதாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விசாரணை ஏடுகளை வைத்து வாதாடினேன். அவர் எழுந்து மஞ்சப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அந்த மாதத்துப் பஞ்சப்படிக் கணக்கு. மில் கொடுத்த செக் முந்தைய மாத விலைவாசிப் புள்ளிக்குப் போட்டது. 41 ரூபாய் குறைவு.

ஒரு மாதச் சம்பளம் முழுதாகக் கொடுக்கவில்லை என்று ஒப்புதல் மறுக்கப்பட்டது. அப்படி மறுத்தால் பணிநீக்கமே நடக்காத மாதிரிதான் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மூன்று வருஷச் சம்பளத்தோடு அடித்தவர் திரும்ப மில்லுக்குள் போனார். அடிபட்ட சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏடுகளை வரி வரியாகப் படித்தவன் நான், செக்கைப் பார்க்கவில்லை.

வராந்தாவில் பெரியவர் தோளைத் தொட்டார். "வருத்தப்படாதீங்க வக்கீல் சார். கணக்குத் தெரிஞ்ச ஆபீசரு வந்து நின்னுட்டா வம்பாச்சேன்னுதானுங்க உங்களுக்குச் சம்மதம் சொன்னேன்."