மட்டைக்கு நரம்பு கட்டும் வேலையை எளிதாக்கிக்கொண்ட விதம்

மதுரைக்குத் தொலைவில் உள்ள சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவர்கள் இறகுப்பந்து நன்றாக ஆடுவார்கள். டென்னிஸ் ஆடுவோரும் சிலர் இருக்கிறார்கள். நரம்பு அறுந்தால் மட்டையை நகரத்துக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும்வரை பிள்ளைகள் தொய்ந்துபோன மட்டையாலோ, அடுத்தவர் மட்டையாலோ பயிற்சி செய்வார்கள். முன்னாள் மாணவர்கள் பணம் சேர்த்து ஒரு நரம்பு கட்டும் இயந்திரம் வாங்கித் தந்தபோது, இனி இந்த வேலையைப் பள்ளியிலேயே செய்துகொள்வது என்று முடிவு செய்தோம்.

கை வேலையைவிட, அதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகளே கடினமானவை என்பது தொடங்கியதும் புரிந்தது. எந்த நரம்பு, எவ்வளவு டென்ஷன் (நரம்பை இழுத்துக் கட்டும் இழுவிசை), ஒரே துண்டா இரண்டு துண்டா, எந்த முடிச்சு என்று ஒவ்வொரு மட்டைக்கும் புதிதாக யோசித்தால் வேலை நகராது. அதனால் மாற்றத் தேவையில்லாத எல்லாவற்றையும் ஒருமுறை தீர்மானித்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டோம். இறகுப்பந்து மட்டைகள் அனைத்துக்கும் எளிதில் அறாத 0.70 மி.மீ. நரம்பு. ஒரு மட்டைக்கு 10 மீட்டர் போதும் என்பதால், 200 மீட்டர் சுருள் ஒன்றில் 20 மட்டைகள் கட்டலாம். புதிதாக ஆடுபவர்களுக்கு நீள நரம்பு 20 பவுண்டு, குறுக்கு நரம்பு 22 பவுண்டு. அணியில் இருப்பவர்களுக்கு 24, 26. மட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பை யார் கேட்டாலும் தாண்டுவதில்லை. நீளத்துக்கு ஒரு துண்டும் குறுக்குக்கு ஒரு துண்டுமாகத்தான் கட்டுகிறோம். ஒரே துண்டில் கட்டினால், நீள நரம்புகளில் ஒரு பாதியை மட்டும் கட்டும் சிறிய பக்கத்துக்கு எவ்வளவு நீளம் விட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியிருக்கும். இரண்டு துண்டில் அந்தத் தொல்லை இல்லை.

எங்களுடையது கோலில் எடை தொங்கும் வகை இயந்திரம். மின் இயந்திரத்தோடு ஒப்பிட்டு இதைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நரம்பு நீள நீள எடை தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும், மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது. கோல் மிகச் சரியாகக் கிடைமட்டத்தில் நிற்க வேண்டும் என்று மாணவர்கள் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கோல் 10 பாகை சாய்ந்திருந்தாலும் இழுவிசை 1.5 சதவீதம்தான் குறையும், 24 பவுண்டில் அது அரை பவுண்டுகூட இல்லை என்று கரும்பலகையில் கோசைன் கணக்கைப் போட்டுக் காட்டியதும் வேலை வேகமெடுத்தது. கோலின் அளவுக்கோடுகளை முழுவதுமாக நம்பாமல், பயணப் பெட்டியை எடைபோடும் தொங்கு தராசு ஒன்றை இடையில் மாட்டிச் சோதித்துக்கொள்கிறோம். 24 பவுண்டு என்றால் தராசு 10.9 கிலோ காட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் பழைய நரம்பைக் கைபேசியில் இருபுறமும் படமெடுத்துக்கொள்வது எங்கள் முதல் விதி. எந்தத் துளையைத் தாண்டிச் செல்கிறது, எந்தத் துளையில் முடிச்சு விழுகிறது என்பதெல்லாம் அந்தப் படத்திலேயே இருக்கும். ஒரு நரம்பு அறுந்தாலும் மீதி எல்லாவற்றையும் உடனே வெட்டிவிட வேண்டும், ஏனென்றால் சமமற்ற இழுவிசையில் சட்டம் கோணிக்கொண்டு உடையக்கூடும். நடுவில் தொடங்கி, நீளமும் குறுக்குமாக மாற்றி மாற்றி வெளிநோக்கி வெட்டுவது நல்லது. பிறகு துளைகளில் உள்ள பிளாஸ்டிக் குழல்களை விரலால் தடவிப் பார்க்கிறோம். தேய்ந்து பிளந்த குழல் புது நரம்பையும் அறுத்துவிடும்.

நீள நரம்புகளை நடுவிலிருந்து இடமும் வலமுமாக மாறி மாறி இழுக்க வேண்டும். அவை மட்டும் இழுபட்ட நிலையில் மட்டையின் தலை நீளத்தில் குறுகி அகலத்தில் விரிந்திருக்கும். குறுக்கு நரம்புகள்தாம் அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. குறுக்குக்கு 2 பவுண்டு கூடுதலாக வைப்பதன் காரணமும் இதுவே. எனவே பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசி மணி அடிக்கப் போகிறது என்றால் புது மட்டையை எடுப்பதில்லை.

நேரம் முழுவதையும் தின்பது குறுக்கு நரம்பைக் கோப்பதுதான். கயிற்றுக் கட்டில் பின்னுவதைப் போல ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகச் செல்ல வேண்டும். ஒரு வரியை இழுத்து இறுக்கிய பின் அடுத்ததைக் கோத்தால், எந்த நரம்புக்கு மேலே போக வேண்டுமோ அது மேல்நோக்கித் துருத்தியிருக்கும். எதற்குக் கீழே போக வேண்டுமோ அது கீழே அழுந்தியிருக்கும். விரல் நுனி நோகும், நரம்பும் உராய்ந்து தேயும். இதற்கு வழி, எப்போதும் ஒரு வரி முன்னதாகக் கோத்து வைப்பது. அதாவது, ஐந்தாம் வரியை இறுக்குவதற்கு முன்பே ஆறாவதைக் கோத்துவிட வேண்டும். ஐந்தாவது இன்னும் தளர்வாக இருப்பதால், நீள நரம்புகள் இறுக்கப்பட்ட நான்காம் வரியின் வளைவிலேயே நிற்கும். நான்காவதும் ஆறாவதும் ஒரே மேல்கீழ் வரிசையைக் கொண்டவை என்பதால் நரம்பு தானாக வழி கண்டு ஓடும். எங்கள் வேலையை வேறெதையும்விட மிகுதியாக எளிதாக்கியது இந்த ஒரு பழக்கம்தான். கோத்த நரம்பை வெளியே இழுக்கும்போது ஒரே இடத்தில் உராய்ந்து சூடேறாதபடி சற்றே வளைத்து அசைத்தபடி இழுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் அந்த வரியை இன்னொரு மாணவர் கண்ணால் ஓட்டிச் சரிபார்க்கிறார்.

முடிச்சுக்குப் பார்னெல் முடிச்சு ஒன்றையே எல்லோரும் கற்றிருக்கிறார்கள். அதைக் கையால் மட்டும் இறுக்க வேண்டும், இயந்திரத்தில் மாட்டி இழுக்கக் கூடாது.

டென்னிஸ் மட்டையில் முறை இதுவேதான், அளவுகள்தாம் வேறு. நரம்பு 1.30 மி.மீ., நீளம் 12 மீட்டர், டென்ஷன் 52 பவுண்டு. குறுக்கு நரம்பைத் தலைப்பகுதியில் தொடங்கிக் கழுத்து நோக்கிக் கட்டுகிறோம். 1997-இல் பிரேசில் வீரர் குஸ்தாவோ குவர்டன் பாலியெஸ்டர் நரம்பு கட்டிய மட்டையால் பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தை வென்றபின் அந்த நரம்பின் புகழ் உலகெங்கும் பரவியது. எங்கள் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். அது விறைப்பானது, விரைவில் இழுவிசையை இழக்கக்கூடியது, வளரும் கைகளுக்கு ஏற்றதன்று என்று விளக்கிச் சொல்லி நைலான் நரம்பையே கட்டித் தருகிறேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கட்டி முடித்ததும் தேதி, டென்ஷன், நரம்பைத் தட்டினால் எழும் ஒலியின் அதிர்வெண் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறோம்; அதிர்வெண்ணைக் கைபேசிச் செயலி காட்டிவிடும். அது இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், 5 சதவீதம் இறங்கியிருந்தால் இழுவிசை ஏறக்குறைய 10 சதவீதம் போயிருக்கிறது என்று பொருள். அறும்வரை காத்திராமல், போட்டிக்கு முன் எந்த மட்டைகளுக்குப் புது நரம்பு தேவை என்பதை இப்போது அந்த நோட்டைப் பார்த்து மாணவர்களே முடிவு செய்கிறார்கள். சட்டத்தில் விரிசல் கண்ட மட்டைகளை மட்டும் தனியே எடுத்து வைத்து, புதிதாக வருபவர்கள் கோத்துப் பழகுவதற்கு இறுக்காத நரம்புடன் கொடுக்கிறோம்.