வேறொருவர் கட்டிய விமானம்: மே மாதக் குறிப்புகள்

2025 மே 3, சனி

எஞ்சின் மூடி, சீட்டுகள், தரைப்பலகைகள், வாலடி மூடி எல்லாவற்றையும் கழற்றி வைத்தாயிற்று. வருடாந்தரச் சோதனை தொடங்கிவிட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: என்னுடையது வேன்ஸ் ஆர்.வி.-7ஏ. அலுமினிய உடல், இரண்டு சீட்டு, 180 குதிரைத்திறன் லைகமிங் ஓ-360 எஞ்சின். ஓரிகனில் இருக்கும் வேன்ஸ் நிறுவனம் பாகங்களைத்தான் விற்கும். பாதிக்கு மேற்பட்ட வேலையை வாங்கியவரே செய்திருந்தால்தான் அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ. அதை வீட்டில் கட்டிய விமானமாக ஏற்கும். இதைக் கட்டியது நான் இல்லை. ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் தன் வீட்டு கராஜில் கட்டி, பல வருடம் பறந்து, முதுமை காரணமாக எனக்கு விற்றார்.

கட்டியவருக்கு ரிப்பேர்மேன் சான்றிதழ் உண்டு. வருடச் சோதனையை அவரே செய்து கையெழுத்துப் போடலாம். அந்தச் சான்றிதழ் விமானத்தோடு கைமாறாது. அதனால் நான் எண்ணெய் மாற்றலாம், பிரேக் மாற்றலாம், ஆசைப்பட்டால் எஞ்சினையே இறக்கலாம். 12 மாதத்துக்கு ஒருமுறை வரும் இந்தச் சோதனைக்கு மட்டும் உரிமம் உள்ள மெக்கானிக்கின் கையெழுத்து வேண்டும். எங்கள் மெக்கானிக் நல்லவர், ஒரே ஒரு நிபந்தனை: எதையும் அவர் பார்க்குமுன் மூடக்கூடாது.

மே 4, ஞாயிறு

கொலம்பஸிலிருந்து தம்பி ஒருவர் உதவிக்கு வந்தார். விமானம் கற்றுக்கொண்டிருக்கிறார். கம்ப்ரஷன் டெஸ்டுக்கு இரண்டு ஆள் கட்டாயம் வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, மேல் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பி.எஸ்.ஐ. காற்றைக் கொடுத்து எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பது. கேட்கச் சாதுவாக இருக்கும். இந்தச் சிலிண்டரின் விட்டம் 5.125 அங்குலம், கணக்குப் போட்டால் பிஸ்டன் தலையில் சுமார் 1,600 பவுண்டு விசை. பிஸ்டன் உச்சியிலிருந்து இம்மி விலகினாலும் புரொப்பல்லர் வீசியடிக்கும்.

"அண்ணே, சாவிதான் என் பாக்கெட்ல இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்றார். காற்றுக்குச் சாவி எதற்கு என்றேன். அது போக, பிளக்குகளுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவுக்கு பேட்டரியும் வேண்டாம், சாவியும் வேண்டாம். அதை அணைத்து வைக்கிற மெல்லிய எர்த் ஒயர் ஒன்று அறுந்திருந்தால் சாவி பாக்கெட்டில் இருந்தாலும் எஞ்சின் உயிரோடுதான் இருக்கிறது. புரொப்பல்லரைக் கையால் சும்மா திருப்பினாலே போதும், எஞ்சின் ஓடத் தொடங்கிவிடலாம். அதற்குப் பிறகு புரொப்பல்லர் சுற்றும் வட்டத்துக்குள் அவர் கால் வைக்கவில்லை.

அளவுகள்: 76, 77, 66, 75. மூன்றாவதுதான் உதைக்கிறது. புகைக்குழாய் வாயில் காது வைத்தால் 'உஸ்ஸ்' என்ற சத்தம். அப்படியானால் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகக் கசிவு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டிருந்தால் பிஸ்டன் ரிங் என்று அர்த்தம். சிலிண்டருக்குள் போர்ஸ்கோப்பை, அதாவது மெல்லிய குழாய்க் கேமராவை, விட்டுப் பார்த்தோம். சூட்டில் கருகிக் கெட்டுவரும் வால்வின் முகத்தில் நிறம் ஒரு பக்கமாக ஒதுங்கி, பிறை போலத் தெரியும். இதில் நிறம் வட்டமாக, ஒரே சீராக இருக்கிறது. வால்வு உட்காரும் இடத்தில் கரித்துகள் சிக்கியிருக்கலாம், பறந்துவிட்டு மறுபடி அளந்து பார், சிலிண்டரில் அவசரப்பட்டுக் கை வைக்காதே என்றார் மெக்கானிக்.

எண்ணெய் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்த்ததில் உலோகத் துகள் இல்லை.

மே 8, வியாழன் இரவு

கட்டியவர் கொடுத்த நோட்டுப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். விமானத்துக்குக் கொடுத்த விலையில் பாதி இந்த நோட்டுகளுக்குத்தான் என்று சொல்வேன். தொழிற்சாலையில் செய்த செஸ்னாவில் எந்த ஒயர் எங்கே போகிறது என்பதற்குப் புத்தகம் உண்டு. இதற்கு அவருடைய பென்சில் எழுத்துதான்.

1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் மான்டெரே குடாவில் விழுந்து இறந்தது இப்படிப்பட்ட ஒரு விமானத்தில்தான். வேறொருவர் கட்டிய லாங்-ஈஸீ, புதிதாக வாங்கியது. வரைபடப்படி பெட்ரோல் டாங்கை மாற்றும் வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். குறியீடும் கிடையாது. அதைத் திருப்ப, ஓட்டும் கையை எடுத்து உடம்பையே முறுக்க வேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் ரட்டர் (வால் சுக்கான்) மிதியை அழுத்துகிறது என்று விசாரணையில் சோதித்துக் கண்டார்கள். டாங்கிலும் பெட்ரோல் கொஞ்சம்தான்.

அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய ஆண்டு விபத்துக்குள்ளான வீட்டுத் தயாரிப்பு விமானங்களில் பாதிக்கு மேல் இப்படிக் கைமாறியவை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

என் விமானத்தில் வால்வு கைக்கு எட்டுகிறது. இடது, வலது, நிறுத்து. 'இரண்டும்' என்ற நிலை இல்லை, அரைமணிக்கொருமுறை மாற்றியாக வேண்டும். ஆனால் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பின் ஃபியூஸ் பானலுக்குப் பின்னால், பறக்கும்போது கை போகாத இடத்தில் இருப்பதை நோட்டில் பார்த்தேன். ஃபியூஸை இடம் மாற்ற மெக்கானிக்கிடம் பேச வேண்டும். அதுவரை செக்லிஸ்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பம்ப் போனால் போனதுதான், அதைத் தேடாமல் ஓடுதளத்தைத் தேடு.

மே 10, சனி

வால். ஆர்.வி.-6, 7, 8 வகைகளின் கிடைவாலில் முன் ஸ்பாரில் (உள்ளே குறுக்காக ஓடும் தாங்கு சட்டத்தில்) விரிசல் வருகிறது என்று 2014 ஜனவரி 31 அன்று வேன்ஸ் ஒரு சர்வீஸ் புல்லட்டின் விட்டது. விரிசல் இருந்தால் தடித்த தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும், இல்லையென்றால் வருடா வருடம் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு டார்ச், பல் டாக்டர் கண்ணாடி, நல்ல கழுத்து மூன்றும் தேவை. ஸ்பாரின் விளிம்பு மடியும் மூலையில் தலைமுடி போல ஒரு கோடு. விரிசலா, பெயின்ட் கீறலா என்று நகத்தால் தடவினேன், தட்டுப்படவில்லை. துணியில் சால்வெண்ட் நனைத்துத் துடைத்ததும் போய்விட்டது. மற்ற மூலைகளும் சுத்தம்.

முன்சக்கரம், பிரேக், டயர்: சரி.

மே 17, சனி

இந்த வருடத்து அறுவடை இதுதான். இரண்டாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாயில், எஞ்சினோடு இணையும் ஃபிளாஞ்சுக்குச் சற்றுக் கீழே, விபூதி பூசியது போல வெளிறிய சாம்பல் கறை. கறை தானாக வராது, புகை வெளியே ஊதினால்தான் வரும். ஷாப் வாக்குவத்தின் ஊதும் பக்கத்தைப் புகைக்குழாயில் செருகி, சோப்புத் தண்ணீர் தெளித்தோம். வெல்டின் ஓரமாகக் குமிழ்கள் வரிசை கட்டின. அரை அங்குல விரிசல்.

கேபின் ஹீட்டருக்கு வரும் காற்று இந்தக் குழாய்களைச் சுற்றியிருக்கும் உறை வழியாகத்தான் சூடாகி வருகிறது. விரிசல் இன்னும் கொஞ்சம் கீழே ஓடியிருந்தால், ஓஹாயோ குளிரில் ஹீட்டரைத் திறந்ததும் கார்பன் மோனாக்சைடு உள்ளே. நிறமில்லை, வாசனையில்லை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். பானலில் ஒட்டும், நிறம் மாறும் பொட்டு அட்டைகளை நான் நம்புவதில்லை. தேதி முடிந்தும் யாரும் மாற்றுவதில்லை, தலைசுற்றும்போது யார் அட்டையைப் பார்ப்பது? காதில் கத்துகிற எலக்ட்ரானிக் கருவிதான் வைத்திருக்கிறேன்.

குழாயைக் கழற்றி வெல்டரிடம் கொடுத்தாயிற்று. விரிசலுக்குக் காரணம் குழாயைத் தாங்கும் கிளாம்ப் அசைய இடமில்லாமல் இறுகியிருந்தது என்கிறார் மெக்கானிக். எஞ்சின் ஆடும்போது குழாயும் கூடவே ஆட வேண்டும். தாங்கியை மாற்றாமல் வெல்ட் மட்டும் போட்டால் அடுத்த மே மாதம் இதே வேலை.

மே 24, சனி

குழாய் வந்து, புதிய கேஸ்கெட்டோடு ஏறிவிட்டது. தாங்கியும் புதிது. மறுபடி சோப்புத் தண்ணீர், குமிழ் இல்லை. மெக்கானிக் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் சிலிண்டரின் 66-ஐயும் எழுதினார்.

மூடி போடாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை எஞ்சினை ஓட்டினேன். மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்தபோது ஆர்.பி.எம். இறக்கம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அப்புறம் தனியாக, ஓடுதளத்துக்கு மேலேயே வட்டமடித்தபடி ஒரு மணி நேரம். சோதனை முடிந்த முதல் பறப்பில் பயணி கிடையாது, தம்பி கேட்டும் ஏற்றவில்லை. ஹீட்டரைத் திறந்து வைத்துப் பறந்தேன், கருவி பூஜ்யத்திலேயே நின்றது.

இறங்கி, சூடு ஆறுமுன் மூன்றாம் சிலிண்டரை மறுபடி அளந்தோம். 74. பத்து மணி நேரம் பறந்த பிறகு இன்னொரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். ஜூலையில் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்குப் போவதற்குள் அது முடிந்துவிடும்.