வால் நுனிக் காயம் ஆற எடுத்துக்கொண்ட ஏழு வாரங்கள்

வரவேற்பறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் வரிசையாகத் தெறித்திருந்த ரத்தப் புள்ளிகளைப் பார்த்தபோது, எங்கள் நாய் மணியின் பாதத்தில் ஏதோ குத்தியிருக்க வேண்டும் என்றே நினைத்தேன். நான்கு பாதங்களையும் தேடிப் பார்த்து ஒன்றும் காணாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, அவன் மகிழ்ச்சியோடு வாலை ஆட்டினான். சுவரில் புதிதாக இன்னொரு வரி தெறித்தது. வாலின் நுனியில் மிளகளவு தோல் பெயர்ந்திருந்தது.

இவ்வளவு சிறிய காயத்திற்கு மருத்துவர் எதற்கு என்று இரண்டு நாள் தாமதித்தேன். அது தவறு. வால் நுனியில் தோல் மெல்லியது, அதன் கீழே சதை மிகக் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே அங்கே காயம் மெதுவாகத்தான் ஆறும் என்றும், பொருக்குக் கட்டும் ஒவ்வொரு முறையும் வால் சுவரில் அடிபட்டு அது உடைந்துவிடும் என்றும் கால்நடை மருத்துவர் விளக்கினார். குட்டை முடியும் நீண்ட கனத்த வாலும் உள்ள நாய்களுக்கு இது அடிக்கடி வருமாம். எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முறிவு இல்லை என்று உறுதி செய்தபின், ஆன்டிபயாட்டிக்கும் நாய்களுக்கான வலி மருந்தும் எழுதிக் கொடுத்தார். வீட்டில் நமக்காக வைத்திருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரோஃபன் போன்றவற்றை நாய்க்குக் கொடுக்கவே கூடாது, அவை உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் அழுத்திச் சொன்னார்.

கட்டுப் போடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. முதல் கட்டை மணி ஒரே உதறலில் கழற்றி எறிந்தான் என்பதால், அடுத்ததை நானே டேப்பை இழுத்துப் பிடித்து இறுக்கமாகச் சுற்றினேன். மறுநாள் காலை பிரித்தபோது நுனி வீங்கி, குளிர்ந்து, நீலம் பாரித்திருந்தது. உடனே தூக்கிக்கொண்டு ஓடினேன். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் அந்தப் பகுதி அழுகிப் போயிருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னதை இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது.

அதன்பின் அவர் செய்து காட்டியபடியே செய்தேன். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் காயத்தைக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, களிம்பு தடவி, காயத்தில் ஒட்டாத பஞ்சுத் திண்டை வைத்து, மெல்லிய காஸ் துணியை நுனியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்றினேன். கட்டு நழுவாமல் இருக்க, அதை வாலின் மூன்றில் ஒரு பங்கு வரை நீட்டி, மேல் விளிம்பில் டேப்பின் சுற்றுகளுக்கு இடையே கொஞ்சம் முடியையும் சேர்த்துப் பிடித்தேன். சுண்டு விரல் நுனி நுழையும் தளர்வு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தேன். முதல் வாரம் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினோம். நனைந்தாலோ நாற்றம் வந்தாலோ அப்போதே மாற்றினோம்.

கட்டின் மேல், குழாய்களுக்கு உறையாகப் போடும் ஃபோமில் ஒரு துண்டை வெட்டி, காற்றுப் போகச் சிறு துளைகள் இட்டு மாட்டினேன். காயத்தைக் காப்பாற்றியது இந்த உறைதான் என்பேன். கடித்துவிடாமலிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை இருந்தது. மூலையில் கிடந்த அவன் படுக்கையை அறையின் நடுவே மாற்றி, கதவு நிலைகளிலும் மேசைக் கால்களிலும் பழைய மெத்தைத் துண்டுகளைக் கட்டினோம். வெளியே போய்த் திரும்பும்போது அவனைக் கொஞ்சாமல், சத்தமில்லாமல் உள்ளே வந்து அமர்வது என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தோம். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். அவன் நம்மைக் கண்டு மகிழ்வதே அவன் காயத்தைத் திறந்துகொண்டிருந்தது.

நான்காம் வாரம் பொருக்கு மீண்டும் உடைந்தபோது, நுனியைத் துண்டிக்க நேரலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆறாத வாலை வைத்துத் துன்புறுவதைவிட, குட்டை வாலோடு நாய் நன்றாகவே வாழும் என்றும் விளக்கினார். மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டே, இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். ஐந்தாம் வாரம் ரத்தம் வரவில்லை. ஆறாம் வாரம் இளஞ்சிவப்புத் தோல் மூடியது. ஏழாம் வாரம் கட்டை முழுவதுமாக எடுத்தோம். நுனியில் இன்னும் முடி முளைக்கவில்லை. மேசைக் கால்களில் கட்டிய மெத்தைத் துண்டுகளையும் நாங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை.