தூரம்தான் வால்யூம்: ஒரு மார்ச்சிங் பேண்ட் சீசனின் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025

பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் போலேரோ கைக்கு வந்துவிட்டது. எங்கள் பேண்ட் மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்க அதை நான் வெட்டி மாற்றியெழுதப் போகிறேன். 1929-இல் அச்சான இசைக்கெல்லாம் இந்தப் புத்தாண்டோடு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்தது. போன மாதம் வரை இதில் கை வைக்க வேண்டுமென்றால் பதிப்பாளருக்கு எழுதி, பணம் கட்டி, பதிலுக்குக் காத்திருந்திருக்க வேண்டும்.

பேண்ட் டைரக்டரிடம் சொன்னேன். "பதினைந்து நிமிடப் பாட்டு. நமக்கு இருப்பது எட்டு. அதிலும் ஸ்னேர் டிரம் அத்தனை மெல்ல ஆரம்பித்தால் மைதானத்தில் யாருக்குக் கேட்கும்?" என்றார். நியாயம்தான். ரவேல் இதை உள்ளரங்க நடனத்துக்கு எழுதினார். 1928-இல் பாரிஸ் ஓப்பராவில் அரங்கேறியது. கூரையில்லாத இடத்தில் மெல்லிய ஒலியைக் காற்று தின்றுவிடும்.

மார்ச் 9

இன்னும் வெட்டல்தான். மற்ற பாட்டுகளில் ஒரு பகுதியை எடுத்தால் அடுத்தது தாங்கிக்கொள்ளும். இதில் மாறிக்கொண்டே போவது வாத்தியம் மட்டும். எதை எடுத்தாலும் ஒரு படி காணாமல் போகிறது. பஸூனைத் தூக்கிக்கொண்டு நம் பிள்ளைகள் நடப்பதில்லை என்பதால் அது சின்ன டியூபா போன்ற யூஃபோனியத்துக்குப் போனது. டெனர் சாக்ஸுக்கு ரவேலே ஒரு தனிப்பகுதி எழுதிவைத்திருக்கிறார். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசியில் ஸி மேஜரிலிருந்து திடீரென இ மேஜருக்குத் தாவும் இடம்தான் உயிர். டிரம்பெட்டுக்கு ஒரு முழுச்சுரம் ஏற்றித்தான் எழுத வேண்டும், அதனால் அந்த இ மேஜர் தாளில் ஆறு ஷார்ப்பாக (சுரத்தை அரைச்சுரம் ஏற்றும் குறி) வந்து நிற்கும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் நடந்துகொண்டே அதை வாசிப்பதைக் கேட்க எனக்குத் திராணியில்லை. சுருதியை ஒரு முழுச்சுரம் இறக்கினேன். இப்போது பி ஃபிளாட்டிலிருந்து டி-க்குத் தாவும். டிரம்பெட்டுக்கு நாலே ஷார்ப். தாவலின் தூரம் மாறவில்லை.

ஏப்ரல் 20

கால் கணக்கு. மைதானத்தில் ஐந்து யார்டுக்கு ஒரு கோடு. வழக்கமான நடை ஐந்து யார்டுக்கு எட்டுக் காலடி, அதாவது காலடிக்கு 22.5 அங்குலம். டிரில், அதாவது யார் எங்கே எப்படி நடப்பது என்ற திட்டம், எழுதுபவர்களுக்கு மூச்சே எட்டு எட்டாகத்தான் வரும். போலேரோ மூன்று எண்ணிக்கை. இடது காலில் கிளம்பினால் அடுத்த தாளக்கட்டின் முதல் அடி வலது காலில் விழும். புதுப் பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுவார்கள்.

ஆனால் ஸ்னேர் திரும்பத் திரும்ப வாசிக்கும் சுற்று இரண்டு தாளக்கட்டு நீளம், ஆறு எண்ணிக்கை. ஆகவே ஒவ்வொரு சுற்றும் மறுபடி இடது காலில்தான் எடுக்கும். ஐந்து யார்டுக்கு ஆறு காலடி என்று நடையை 30 அங்குலமாக நீட்டினால், ஒரு சுற்றுக்கு ஒரு கோடு! தாளம் திரும்பும் கணத்தில் கால் கோட்டில் இருக்கும். இதைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சிக்கல் என்னவென்றால், நிமிடத்துக்கு 72 என்ற காலப்பிரமாணத்தில் அவ்வளவு நீள அடி வைத்தால் உடம்பு ஆடும். ஆகவே நீள நடை பிற்பாதிக்கு மட்டும். முற்பாதியில் ஐந்து யார்டுக்குப் பன்னிரண்டு சின்னக் காலடி. இரண்டு சுற்றுக்கு ஒரு கோடு.

மே 18

டைரக்டரின் கேள்விக்கு விடை கிடைத்தது. மெல்ல வாசிக்கச் சொல்லாமல் தள்ளி நிறுத்தப்போகிறேன். ஸ்னேர், ரசிகர்களிடமிருந்து மிகத் தள்ளியிருக்கும் பின்கோட்டில். பிராஸ், அதாவது டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளை வாத்தியங்கள், நமக்கு முதுகைக் காட்டி வாசிக்கும். பாட்டு வளர வளர எல்லோரும் முன்னால் வருவார்கள். டி மேஜர் தாவலில் மொத்தக் கூட்டமும் ஒரே அடியில் திரும்பும்.

காட்சி வடிவமைப்பாளருக்கு இது பிடித்துப்போய், தொடக்கப் புல்லாங்குழலையும் ஸ்னேர் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னார். அது நடக்காது. முன்கோட்டிலிருந்து பின்கோடு வரை மைதானத்தின் ஆழம் 160 அடி (ஃபீட்). ஒலி அதைக் கடக்க 0.14 வினாடி எடுக்கும். 72-இல் ஸ்னேரின் மூன்று மூன்றான பொடித்தட்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய அதே 0.14 வினாடி. ஆக, பின்கோட்டு ஸ்னேர் ரசிகர்களை ஒரு தட்டு தாமதமாகத்தான் எட்டும். குழலுக்கு மைக் வைத்தால் முன்னாலிருக்கும் ஸ்பீக்கர் வழியாக உடனே வந்துவிடும். இருவரும் தோளோடு தோள் நின்று சேர்ந்தே வாசித்தாலும் காலரியில் பிசகும்.

குழலை முன்கோட்டில் தனியே நிறுத்தினேன். தன்னை வந்தடையும் ஸ்னேரைக் கேட்டு அந்தக் குழல்காரப் பெண் வாசிக்க வேண்டும். பின்னால் இருப்பவர்களுக்கு, கையசைத்துத் தாளம் காட்டும் டிரம் மேஜரின் கை, முன்னால் இருப்பவர்களுக்குக் காது. மரிம்பாவும் வைப்ரஃபோனும் நடக்காமல் முன்னால் நிற்கும் பிட்டுக்கும் அதே விதிதான். ஸ்னேருக்கும் குழலுக்கும் நடுவில் முழு மைதானமும் காலியாகக் கிடப்பது படமாகவும் நன்றாக இருக்கிறது.

ஜூலை 29

கேம்ப். வெயில். கணினித் திரையில் பிள்ளைகளைக் குறிக்கும் புள்ளிகள் ஒன்றையொன்று உரசாமல் கடந்துவிடுகின்றன. உடம்பைச் சுற்றிப் பெரிய சூசஃபோன் மாட்டிய பையன் புள்ளி இல்லையே. இரண்டு படங்களைத் திருத்தினேன்.

செப்டம்பர் 20

முதல் போட்டி. பிள்ளைகள் நன்றாகவே வாசித்தார்கள். நடுவரின் ஒலிப்பதிவில் ஒரு குரல்: "இன்னும் எவ்வளவு நேரம் காக்க வைப்பீர்கள்?" இன்னொருவர் அதே இடத்தில் ஒன்றும் பேசாமல் கேட்டிருக்கிறார். எனக்கு இரண்டாமவரைப் பிடிக்கிறது, ஆனால் மதிப்பெண் இருவரிடமும் இருக்கிறது. பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற போட்டி அமைப்பின் முறையில் 100-இல் 60, ஜெனரல் எஃபெக்டுக்கு. சுத்தமாக வாசிப்பதைவிட, பார்ப்பவருக்குள் என்ன நடக்கிறது என்பதற்கே அதிக எடை. அந்த எடை வந்ததிலிருந்து எல்லோர் ஷோவும் முப்பதாவது வினாடியில் ஒருமுறை கத்திவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அக்டோபர் 5

டைரக்டர் தொடக்கத்தில் ஒரு பெரிய கார்டு, அதாவது பல சுரங்கள் ஒன்றாக முழங்கும் ஒலி, கேட்கிறார். ரவேலுக்கு முன்னால் என் கார்டா? மாட்டேன் என்றேன். ஒரு சுர மாற்றமும் இல்லாமல் இப்படி ஒத்துக்கொண்டோம்: குழல் முடிந்ததும் ஒரே ஒரு சுற்றுக்கு பிராஸ் மொத்தமும் முன்னால் திரும்பும், அடுத்த சுற்றில் மறுபடி முதுகு. யாரும் கூட்டியும் வாசிக்கவில்லை, குறைத்தும் வாசிக்கவில்லை. யாரோ கதவைத் திறந்து மூடியதுபோல் இருந்தது. காலரியில் ஏறி நின்று கேட்ட டைரக்டர் இறங்கி வந்து, "இது போதும்" என்றார்.

தாவல் வரும்போது இது அதன் வேகத்தைக் கொஞ்சம் திருடத்தான் செய்கிறது. டைரக்டருக்கு அப்படித் தோன்றவில்லையாம்.

அக்டோபர் 19

ஸ்னேரும் குழலும் ஒட்டிக்கொண்டன. குழல் வாசிக்கும் பெண் இப்போது டிரம் மேஜரைப் பார்ப்பதே இல்லை, கண்ணை மூடிக்கொள்கிறாள். அவளிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு.

மிச்சமிருப்பது முடிவில் வரும் டிராம்போன் சறுக்கல். ஸ்லைடை முழுதாக நீட்டினால் முன்வரிசை கிளாரினெட்டின் தொப்பியில் இடிக்கிறது. வரிசைகளுக்கு இடையே இரண்டு அடிநடை, அதாவது 45 அங்குலம், விட்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை நாலாக்குகிறோம். அதற்காகப் பின்னால் நிற்கும், கொடி சுழற்றும் அணியான கலர் கார்ட், கொடிகளோடு இன்னும் ஒரு கோடு தள்ளிப் போக வேண்டும். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.